மகனின் சிபில் கெட்டுவிட்டது: பெற்றோர் எங்கே கை கொடுக்கலாம், எங்கே கையெழுத்துப் போடக் கூடாது

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 29 வயது, சென்னையில் வேலை. நடுவில் வேலை போய் எட்டு மாதம் வீட்டில் இருந்தபோது இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், செயலியில் வாங்கிய ஒரு கடன், தவணையில் எடுத்த போன் எல்லாம் நிலுவையில் விழுந்துவிட்டன. இப்போது மறுபடி வேலை கிடைத்து 48,000 ரூபாய் சம்பளம் வருகிறது. கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் சிபில் ஸ்கோர் 548. அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 6 லட்சம் வைப்பில் இருக்கிறது. வசூல் ஏஜென்ட் ஒருவர் "நாற்பது சதவீதம் கட்டுங்க, முடிச்சிடலாம்" என்கிறாராம். அதைக் கட்டலாமா, அப்பா பெயரில் ஒரே கடனாக வாங்கி எல்லாவற்றையும் அடைக்கலாமா, வளையலை அடகு வைக்கலாமா, அமெரிக்காவில் இருக்கும் தம்பி சொல்வதுபோல் மகனை அப்பாவின் கார்டில் சேர்த்துவிட்டால் ஸ்கோர் ஏறுமா? இவைதான் கேள்விகள்.

வங்கியில் கடன் பிரிவில் 28 வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களால் முடிந்த பணத்தைக் கொடுங்கள். கையெழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்த பணம் அதிகபட்சம் திரும்பி வராது, அவ்வளவுதான் நஷ்டம். ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கடன்தாரர் கையெழுத்தோ அப்படி இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். மகனைத் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் கிடையாது, நேராக உங்களிடமே வரலாம். அந்தக் கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும் ஏறும், அவன் தவறும் ஒவ்வொரு தவணையும் உங்கள் பெயரிலும் கறையாக விழும். அப்பா பெயரில் புதுக்கடன் வாங்கி அடைக்கும் யோசனையை இதனால்தான் முதலிலேயே தள்ளிவிடுகிறேன். கடன் அடைபடும், உண்மைதான். ஆனால் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் வரும் நல்ல பெயர் அப்பாவின் கணக்கில் போய்ச் சேரும், மகனுக்கு ஒன்றும் சேராது. தவறினாலோ வீட்டில் இரண்டு பேருக்கும் ஸ்கோர் போய்விடும்.

இன்னொன்று. இதுவரை எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால், மகனின் கார்டு பாக்கிக்கோ பர்சனல் லோனுக்கோ நீங்கள் சட்டப்படி ஒரு ரூபாய்கூடப் பொறுப்பில்லை. பெற்றவர்கள் என்ற காரணத்துக்காக யாரும் உங்களிடம் கேட்க முடியாது. ஏஜென்ட் உங்களுக்கு போன் செய்வதே நீங்கள் பயந்து கட்டிவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் பாக்கிக்காகக் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. அடுத்த முறை கூப்பிட்டால் பெயர், அடையாள அட்டை எண், எந்த நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் காசோலையைத் தராதீர்கள். கார்டு பாக்கி வெறும் சிவில் விவகாரம். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்ற வழக்காகிவிடும், அதுவும் உங்கள் பெயரில்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். முதலில் அறிக்கை. நம் ஊரில் சிபில் என்றாலே ஸ்கோர் என்று ஆகிவிட்டது, ஆனால் இந்தியாவில் இந்தத் தகவலை வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். 2017 முதல் நான்கும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் மகனே அவனுடைய பேன் எண்ணை வைத்து அவற்றின் சொந்தத் தளங்களில் எடுக்கட்டும். நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. குறைவது நாலு இடத்தில் கடனுக்கு விண்ணப்பம் போட்டால். இப்போதைக்கு எந்தக் கார்டுக்கும் லோனுக்கும் விண்ணப்பிக்காமல் இருப்பதே அவன் செய்யக்கூடிய பெரிய உதவி.

அறிக்கையில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். 300-லிருந்து 900 வரைக்கும் உள்ள அந்த எண் வெறும் காய்ச்சல் அளவு மாதிரி. நோய் உள்ளே கணக்கு வாரியாக எழுதியிருக்கிறது. ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாக ஒரு கட்டம் இருக்கும், பொதுவாக 36 மாதத்துக்கு. அதில் 000 என்றால் அந்த மாதம் ஒழுங்கு. 030, 062, 091 என்றால் அத்தனை நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் வகையில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் கணக்கின் நிலை என்று ஒரு வரி வரும்: க்ளோஸ்டு (முழுசாகக் கட்டி முடிந்தது), செட்டில்டு, ரிட்டன் ஆஃப். இந்த மூன்று வார்த்தைகளில்தான் உங்கள் மகனின் அடுத்த சில வருஷங்கள் இருக்கின்றன.

ரிட்டன் ஆஃப் என்று பார்த்ததும் "தள்ளுபடி பண்ணிட்டாங்க" என்று நிம்மதியாகிவிடும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொண்ட ஒரு சரிக்கட்டல். பாக்கி அப்படியே நிற்கும், வசூலிக்கும் உரிமையும் நிற்கும். மூன்று வருஷம் ஓடிவிட்டால் கேட்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். காலவரையறைச் சட்டம் வழக்குப் போடுவதற்கான கெடுவைத்தான் சொல்கிறது. அறிக்கையில் உள்ள பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தகவலைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

செட்டில்டு விஷயத்தில்தான் உங்கள் ஏஜென்ட் வருகிறார். அவர் சொல்லும் நாற்பது சதவீதம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, வங்கிகள் அப்படி ஒத்துக்கொள்வதுண்டு. ஆனால் கணக்கு 'செட்டில்டு' என்று பதிவாகும். அடுத்து வீட்டுக்கடன் கேட்கும்போது அதைப் படிக்கும் அதிகாரிக்கு ஒரே அர்த்தம்தான்: இவர் முழுசாகக் கட்டவில்லை, நாம் விட்டுக்கொடுத்தோம். நானும் அப்படித்தான் படித்தேன். மேலும் 2023 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, விவசாயக் கடன் தவிர மற்றவற்றில் இப்படிச் சமரசம் செய்துகொண்டவருக்கு அந்த நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக் கூடாது.

என் கிளைக்கு ஒரு அப்பா வருவார், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனின் மூன்று கார்டுகளையும் ஒரே வாரத்தில் செட்டில்மென்டில் முடித்துவிட்டு, வந்த கடிதங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்து பெருமையாகக் காட்டினார். இரண்டு வருஷம் கழித்து மகனின் வீட்டுக்கடன் விண்ணப்பம் திரும்பியபோது அதே உறையோடு வந்து, "கட்டிட்டேனே சார்" என்றார். மீதித் தொகையை மறுபடி கட்டி 'க்ளோஸ்டு' என்று மாற்றிக்கொள்ள வழி இருந்தது. இரண்டு வங்கிகள் மாற்றித் தந்தன. மூன்றாவது, கடனையே வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது. அதைத் துரத்தவே ஆறு மாதம் ஆனது.

அதனால் உங்கள் ஐந்து கடனையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துக் கூட்டினால் பாக்கி 4,45,400 ரூபாய் வருகிறது: முதல் கார்டு 1,40,000, இரண்டாவது கார்டு 62,000, பர்சனல் லோன் 2,10,000, செயலிக் கடன் 25,000, போன் 8,400. எல்லோரும் பெரியதிலிருந்து, அதிகம் மிரட்டுகிறவனிடமிருந்து தொடங்குவார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். முதல் கார்டு ஏற்கெனவே ரிட்டன் ஆஃப் ஆகிவிட்டது, ஆக வேண்டிய சேதம் ஆகிவிட்டது. அது இரண்டு மாதம் காத்திருந்தால் வானம் இடிந்துவிடாது. இரண்டாவது கார்டு இன்னும் 90 நாளைத் தாண்டவில்லை என்கிறீர்கள். அதையும் போன் பாக்கியையும் இந்த வாரமே முழுசாகக் கட்டுங்கள். அந்த இரண்டும் வாராக்கடனில் விழாமல் காப்பாற்ற முடிகிறவை.

கார்டில் 'மினிமம் ட்யூ' (பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிக்கொண்டு போகலாம் என்று மகன் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று வைத்துக்கொண்டால், 1,40,000 ரூபாய் பாக்கிக்கு மாத வட்டி 4,900, வரி 882. மாதம் 7,000 கட்டினால் அதில் 5,782 இதற்கே போய்விடும், அசலில் குறைவது 1,218 ரூபாய். வட்டிக் கடைக்காரர் இந்த வட்டியைக் கேட்டால் ஊரே கந்துவட்டி என்று சொல்லும்.

பர்சனல் லோனில் ஒரு நுணுக்கம். ஐந்து தவணை நிலுவை என்றால் அது வாராக்கடனாகிவிட்டிருக்கும். அதிலிருந்து மீள ஒரு தவணை, இரண்டு தவணை கட்டிப் பலனில்லை. நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கை மறுபடி ஒழுங்கான வகைக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தவணை 9,200 ரூபாய் என்றால் ஐந்துக்கு 46,000, கூட அபராதம். முழுக் கடனையும் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வந்திருந்தால் பேச்சு வேறு. வரவில்லை என்றால் அந்த நிலுவையை மொத்தமாகக் கட்டிவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து அவன் சம்பளக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போகும்படி செய்யுங்கள். அவன் ஸ்கோரை மீட்டுத் தரப்போவது இந்தக் கடன்தான். அதனால் கையில் காசு இருந்தாலும் இதை அவசரப்பட்டு முன்கூட்டியே முடித்துவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒழுங்காகக் கட்டிய 000-க்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழ ஒரு கணக்கு வேண்டும்.

செயலிக் கடனைக் கட்டும் முன் அது யாருடைய கடன் என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவான வங்கியோ நிதி நிறுவனமோ பின்னால் இருந்தால் அறிக்கையில் அதன் பெயர் இருக்கும், அந்த நிறுவனத்தின் கணக்குக்கே நேராகக் கட்டலாம். அறிக்கையில் பெயரே இல்லை, பணம் ஏதோ தனி நபரின் கணக்கிலிருந்து வந்தது, போனில் உள்ள எண்களுக்கெல்லாம் படத்தை அனுப்பி மிரட்டுகிறார்கள் என்றால் அது வேறு தொழில். 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். அவர்களுக்குக் கட்டக் கட்டக் கேட்பார்கள்.

கூட்டிப் பாருங்கள்: போன், இரண்டாவது கார்டு, செயலி மூன்றும் 95,400. பர்சனல் லோன் நிலுவை 46,000. மொத்தம் 1,41,400, அபராதம் சேர்ந்தால் சில ஆயிரங்கள் கூடலாம். உங்களிடமிருந்து போக வேண்டியது இவ்வளவுதான் என்பேன். மீதி 4.5 லட்சம் உங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வயதுக்கும் இருக்கட்டும். வைப்பைப் பாதியில் உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்கலாம், வைப்பு வட்டியைவிட ஒன்று இரண்டு சதவீதம்தான் அதிகம் இருக்கும். அதனால் வளையலுக்கு இப்போது வேலையில்லை. கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் நகைக்கடன் மலிவுதான், கணக்குப் பார்த்தால் வைக்கலாம் என்றுதான் வரும். ஆனால் நகைக்கடன் திருப்பப்படாமல் ஏலத்துக்குப் போன வீடுகளில் பெரும்பாலும் மகன் "அடுத்த மாசம் திருப்பிடறேம்மா" என்று சொல்லியிருப்பான்.

ரிட்டன் ஆஃப் ஆன முதல் கார்டை மகன் தன் சம்பளத்தில் தீர்க்கட்டும். 1,40,000-இல் அவன் உண்மையில் செலவழித்தது எவ்வளவு, வட்டியும் அபராதமும் எவ்வளவு என்று வங்கியிடம் கணக்கு கேட்கச் சொல்லுங்கள். அபராதத்தையும் வட்டியில் ஒரு பகுதியையும் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டிய விதம் இது: "இவ்வளவு கட்டினால் கணக்கை க்ளோஸ்டு என்று பதிவு செய்வீர்களா, செட்டில்டு என்றா?" பதிலை வங்கியின் மின்னஞ்சலிலோ கடிதத்திலோ வாங்கிய பிறகுதான் பணம். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தி கடிதமாகாது. பணத்தை அவருடைய ஜிபேவுக்கு அனுப்பவே கூடாது, கார்டு எண்ணுக்கோ கடன் கணக்கு எண்ணுக்கோதான் போக வேண்டும். கட்டியதும், பாக்கி இல்லை என்ற நோ ட்யூ சான்றிதழை வாங்குங்கள். உங்களிடம் உண்மையிலேயே பணமே இல்லை, மகனுக்கும் வேலை இல்லை என்றால் செட்டில்மென்டை நான் குறை சொல்ல மாட்டேன். கெட்ட பதிவைவிடப் பட்டினி மோசம். உங்கள் நிலைமை அப்படி இல்லை.

உங்கள் தம்பியின் யோசனைக்கு வருகிறேன். அவர் தவறாகச் சொல்லவில்லை, அமெரிக்காவில் அது வேலை செய்யும். அங்கே பெற்றோரின் கார்டில் பிள்ளையைச் சேர்த்தால் அந்தக் கணக்கின் வரலாறு பிள்ளையின் அறிக்கையிலும் பொதுவாக வரும். இங்கே ஆட்-ஆன் கார்டு கொடுத்தால் செலவும் வரலாறும் பொதுவாக முதன்மைக் கார்டுக்காரர் பெயரிலேயே பதிவாகும். மகனுக்கு ஸ்கோர் ஏறாது, உங்களுக்கு பில் ஏறும்.

அதற்குப் பதில் இங்கே நல்ல வழி ஒன்று இருக்கிறது: வைப்புத் தொகையை ஈடாக வைத்துத் தரும் கிரெடிட் கார்டு. மகன் பெயரில் 25,000 ரூபாய் எஃப்டி போடுங்கள். அவனுக்குப் பாக்கி உள்ள வங்கியில் போடாதீர்கள், பழைய கடனுக்கு அதைப் பிடித்துக்கொள்ளலாம். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை, வங்கி வழியாகவே அனுப்புங்கள். அந்த வைப்பின் மேல் 80 சதவீதம் என்றால் 20,000 ரூபாய் வரம்பில் கார்டு வரும், ஈடு இருப்பதால் ஸ்கோரை வைத்து மறுப்பது குறைவு. அதில் போன் ரீசார்ஜ், மின்கட்டணம் மட்டும். மாதம் 6,000-ஐத் தாண்ட வேண்டாம், வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. முழு பில்லும் கெடுத் தேதிக்கு முன் தானாகக் கட்டப்பட வேண்டும். எஃப்டி ரசீது உங்கள் பீரோவில் இருக்கட்டும், கார்டு அவனிடம் இருக்கட்டும்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியிலிருந்து கடன் தகவலை மாதம் குறைந்தது இரண்டு முறை அனுப்புகிறார்கள், அதனால் மாற்றம் முன்பைவிடச் சீக்கிரம் தெரியும். ஆனால் 548 ஓரிரு மாதத்தில் 750 ஆகாது. நான் பார்த்தவரை ஒழுங்காக நடந்தால் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம். "30 நாளில் ஸ்கோர் ஏற்றித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களுக்கு ஒரு பைசா தராதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது, தவறான பதிவைத் திருத்த நீங்களே இலவசமாகப் புகார் செய்யலாம்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் மகனோடு ஒரு நாள் உட்காருங்கள். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் ஏறுவது புரிகிறது. ஆனாலும் அந்த மாதங்களின் வங்கி ஸ்டேட்மென்டை அவனே உங்களுக்குக் காட்டட்டும். ஆன்லைன் ரம்மியோ, பங்குச் சந்தையில் ஆப்ஷன் வியாபாரமோ அதில் தெரிந்தால் மேலே சொன்ன எதையும் இப்போது செய்யாதீர்கள். முதலில் அதற்கு வைத்தியம். ஓட்டைப் பானையில் ஊற்றிய பென்ஷன் பணம் பலருடையதைப் பார்த்துவிட்டேன். கத்த வேண்டாம், பெண் பார்க்கிற வயதில் இப்படியா என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். கத்தினால் ஆறாவது கடனை மறைத்துவிடுவான். கொடுக்கும் 1,41,400-ஐ மாதம் 5,000 வீதம் உங்கள் கணக்குக்குத் திருப்பும்படி ஏற்பாடு செய்யுங்கள். அது எந்த அறிக்கையிலும் வராது, ஸ்கோருக்கு உதவாது. உங்கள் வைப்பு மட்டும் பழைய நிலைக்கு வரும்.

அவன் வங்கித் தேர்வு எழுதப்போவதாகச் சொன்னீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடன் வரலாறு மோசம் என்று பாரத ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது சரிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பில் இதைப் பற்றிய நிபந்தனையைப் படிக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. மகனின் கல்விக்கடன் 2021-லேயே முடிந்துவிட்டது, ஆனால் அறிக்கையில் இன்னும் 11,000 ரூபாய் பாக்கி காட்டுகிறது என்கிறீர்கள். கல்விக்கடனில் அப்பாவும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார், ஆகவே இந்தக் கறை அவர் அறிக்கையிலும் இருக்கும். அவருடையதையும் எடுத்துப் பாருங்கள். முடித்த சான்றிதழின் நகலோடு வங்கிக்கும், தவறாகக் காட்டும் அறிக்கை நிறுவனத்துக்கும் ஒரே நாளில் புகார் போடுங்கள், புகார் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும், தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். செலவே இல்லாமல் ஸ்கோர் ஏறக்கூடிய இடம் உங்கள் வீட்டில் இது ஒன்றுதான், ஐந்து கடனுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். 31-வது நாளும் அந்த 11,000 அப்படியே இருந்தால் புகார் எண்ணோடு எனக்கு எழுதுங்கள். ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) அனுப்பும் மனுவைச் சேர்ந்து எழுதிவிடலாம்.